இரண்டு மாடிகளுக்கு நடுவே

விடிகாலை மூன்றரை. தொடையில் ஒரு கொசு.
அது உட்கார்ந்தது தெரிகிறது,
ஊசி இறக்குவது தெரிகிறது,
நின்று நிதானமாகக் குடிப்பது தெரிகிறது.
அடிக்கத்தான் கை எழவில்லை.

கால்களைக் கூப்பிட்டேன்.
வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி
பாயில் கிடந்தன.
மாலையில் வியாசர்பாடி மைதானத்தில்
தொண்ணூறு நிமிடமும் ஓடிய கால்கள்.
ஜெயித்த கையோடு தணிகாசலம் தங்கச்சி ரிசப்ஷனில்
இரண்டு தட்டு பிரியாணி, மேலே பிரெட் அல்வா,
கேட்டு வாங்கி இன்னொரு அல்வா.

"ஏத்திக்கினு வந்து நடிக்கிறியா எபி?"
ஊதிக் காட்டச் சொன்னாள் சுகிர்தா. ஊதினேன்.
ஏலக்காய் வாசனை மட்டும்.
அதற்கப்புறம்தான் அவள் பயந்தாள்.

ஆறு மாதமாகவே எனக்குள் என்னவோ ஓடிக்கொண்டிருந்தது.
நாலு வேளை தின்றும் பெல்ட்டில் புது ஓட்டை.
மார்கழியிலும் ஃபேன் ஐந்தில்.
ஸ்க்ரூடிரைவர் நுனி
திருகின் தலையைத் தேடித் தேடி நழுவியது.
படுத்தால் தலையணைக்குள் யாரோ கதவு தட்டினார்கள்.
சூட்டு உடம்பு என்றார்கள். இளநீர் குடித்தேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக்.
குடியிருப்பது ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி,
லிஃப்ட் கிடையாது.
சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டால் கட்டி
கோல்கீப்பர் முன்னால், டிஃபென்டர் இருவர் பின்னால்,
படி படியாய் என்னை இறக்கினார்கள்.
நேற்று தோளில் தூக்கிக் கத்தியவர்கள்
இப்போது கத்தவில்லை.
"தலை, தலை, செவுத்துல இடிக்கப் போவுது."
அவ்வளவுதான் பேச்சு.

ஸ்டான்லியில் டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு.
ராத்திரி முழுக்கத் தூங்காத கண்.
எல்லாரும் காலையே பார்த்துக்கொண்டிருக்க
அவர் கழுத்தைப் பார்த்தார்.
என் கையை அவரே தூக்கிப் பிடித்து
விரல்மேல் ஓ.பி. சீட்டை வைத்தார்.
சீட்டு படபடத்தது.
தானாய் எழ முடியாத கைக்கு
நடுங்க மட்டும் முடிந்தது.

பொட்டாசியம் ஒன்று புள்ளி ஒன்பது.
உடம்பைவிட்டு எங்கும் போய்விடவில்லையாம்.
ரத்தத்திலிருந்து கிளம்பித் தசைக்குள் புகுந்து
உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டதாம்.
"எல்லாம் தைராய்டு பண்ற வேலை. அளவுக்கு மேல சுரக்குது.
இப்படி ஆவறது அபூர்வம்."
"அது பொம்பளைங்க வியாதியாச்சே" என்றாள் சுகிர்தா.
"வியாதி அவங்களுக்குத்தான் அதிகம்.
இப்படி விழறது ஆம்பளைங்க."

எனக்குப் புரிந்துவிட்டது.
லிஃப்டில் கவர்னர் என்று ஒன்று உண்டு.
வேகம் மிஞ்சினால்
தண்டவாளத்தைக் கவ்வவைத்து நிறுத்திவிடும்.
கரண்ட் இருக்கும். லைட் எரியும். ஃபேன் சுற்றும்.
பெட்டி மட்டும் நகராது.
"அதேதானே டாக்டர்?"
"இல்லைங்க, அப்படியில்ல."
கொஞ்சம் யோசித்து,
"சரி, அப்படியே வெச்சுக்கோங்க."

காசிமேட்டுக் கடலைச் சுண்டக் காய்ச்சினால்
அந்த மருந்தின் ருசி வரும்.
"ஒரு தார் வாழைப்பழம் வாங்கியாரட்டா?" என்றான் கோல்கீப்பர்.
நர்ஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவர் பார்வை மானிட்டரில் இருந்தது.
உள்ளே போனதெல்லாம் ஒரேயடியாய்த் திரும்பி வந்தாலும்
ஆபத்துதானாம்.

பத்தரை மணிக்கு இடது கால் கட்டைவிரல் அசைந்தது.
யாரும் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.
இன்னொரு தடவை அசைத்தேன்,
எனக்கு மட்டும்.

இப்போது மாத்திரை நடக்கிறது.
ராத்திரிக்கு மூன்றே இட்லி, சுகிர்தா எண்ணி வைப்பது.
கழுத்து அடங்கும்வரை
மைதானத்தில் விசில் மட்டும் என்னுடையது.

போன வாரம் அண்ணா நகரில்
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒரு பெட்டி நின்றுவிட்டது.
உள்ளே யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
முன்பெல்லாம் மேலேயிருந்து கத்துவேன்:
இருங்க சார், வேலை நடக்குதுல்ல?
இந்தத் தடவை குப்புறப் படுத்து
கதவிடுக்கில் வாய் வைத்துக் கேட்டேன்:
மூச்சு விட முடியுதா?
உள்ளே கொசு ஏதாச்சும் இருக்கா?